லெப்டொப் இரைச்சலும் நாம் தாமதமாகப் படித்த பாடமும்



இது நீண்ட பதிவு. வீட்டில் கேமிங் லெப்டொப் வைத்திருப்பவர்கள், பிள்ளைக்கு ஒன்று வாங்க யோசிக்கும் பெற்றோர், வெளிநாட்டிலிருந்து அனுப்பி வைக்கும் வாப்பாமார், காக்காமார் நேரம் எடுத்து வாசியுங்கள். இதை எழுதக் காரணம் நாம் செய்த ஒரு தவறு.

எமது பழைய மாணவர் ஒருவர் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம் படிக்கிறார். வாப்பா கட்டாரில் கட்டட வேலை. விடுமுறையில் வந்தபோது மகனின் படிப்புக்கென்று ஒரு கேமிங் லெப்டொப் கொண்டுவந்து கொடுத்திருந்தார். வீட்டில் இரண்டே அறை. பக்கத்துக் கட்டிலில் நோயாளியான மூத்தம்மா. இரவில் லெப்டொப்பைத் திறந்தால் விசிறி "ஊ...." என்று எழும்பும், அடங்கும், மறுபடி எழும்பும். மூத்தம்மாவுக்கு நித்திரை இல்லை. "சேர், இந்த இரைச்சலைக் குறைக்க என்ன வழி?" என்று அவர் வட்ஸ்அப்பில் கேட்டார். நாமும் பெரிதாக யோசிக்காமல், "விசிறியின் வேகத்தைக் குறைக்கிற மென்பொருள் இருக்கிறது மகன், அதைப் போட்டுக் குறைத்து வையுங்கள்" என்று பதில் எழுதினோம்.

இரைச்சல் நின்றது. மூத்தம்மா தூங்கினார். மூன்று கிழமை எல்லாம் சுமுகம். ஒரு நாள் இரவு மெத்தையில் வைத்து இறுதி வருட வேலையை ஓட்டிக்கொண்டிருந்தபோது லெப்டொப் நின்றது. பிறகு எழும்பவேயில்லை. திருத்துபவர் திறந்து காட்டினார். புரொசசர் தன்னைக் காத்துக்கொண்டிருந்தது. அதற்கு மின்சாரம் கொடுக்கும் சிறு பாகங்கள் கருகிப் போயிருந்தன. பலகையையே மாற்ற வேண்டும் என்றார். அல்ஹம்துலில்லாஹ், சேமித்து வைத்த வேலை தப்பியது. வெயிலில் நின்று ஒரு மனிதர் உழைத்து வாங்கிய பொருள் வெக்கையில் போனது. அதற்கான ஆலோசனை எம்முடையது.

அதன் பிறகுதான் இந்த விசிறியின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். முதலிலேயே படித்திருந்தால் அந்தப் பதிலை எழுதியிருக்க மாட்டோம். நாம் செய்த அதே தவறை உலகப் புகழ் பெற்ற கம்பனி ஒன்று 1980இலேயே செய்து, பாடமும் படித்திருக்கிறது.

*

விசிறி என்ற வேலையாள்

ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் கச்சேரிகளிலும் நீதிமன்றங்களிலும் துரைமார் வீடுகளிலும் பங்கா இருந்தது. கூரையிலிருந்து தொங்கும் நீளமான துணிச் சட்டம். அதிலிருந்து ஒரு கயிறு சுவர்த் துளை வழியாக வெளியே போகும். விறாந்தையில் ஒரு ஏழை மனிதர் உட்கார்ந்து அந்தக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பார். உள்ளே இருப்பவருக்குக் காற்றுத் தெரியும், இழுப்பவரைத் தெரியாது. அவர் அசந்து தூங்கினால்தான் அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே துரைக்கு ஞாபகம் வரும்.

1882இல் அமெரிக்காவில் ஸ்கைலர் வீலர் என்ற பொறியியலாளர் மின்சாரத்தில் ஓடும் மேசை விசிறியைச் செய்தார். இரண்டே இதழ், கை படாமல் காக்கும் கூடு கூடக் கிடையாது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பிலிப் டீல் என்பவர் மின்விசிறியைக் கூரையில் தொங்கவிட்டார். கயிறு இழுத்த மனிதரின் வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது. மனிதரின் களைப்பு போய் அதன் இடத்தில் சத்தம் வந்தது.

விசிறி எதையும் குளிராக்குவதில்லை. சூடான காற்றைத் தள்ளிவிட்டு, அதைவிடச் சூடு குறைந்த காற்றை அந்த இடத்துக்குக் கொண்டுவருகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. அது எவ்வளவு ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது விசிறி அல்ல, சூட்டை உண்டாக்குகிறவர். நாம் மறந்தது இதைத்தான்.

*

கணினியோடு பிறந்த சூடு

1946இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. குண்டு மின்குமிழ் போல ஒவ்வொன்றும் சூடாகும். முழு இயந்திரமும் 150 கிலோவொட் அளவில் மின்சாரம் குடித்தது. இன்றைய கூரை விசிறி ஒன்று 75 வொட் என்று வைத்தால், இது 2,000 கூரை விசிறிகள் ஒன்றாக ஓடுவதற்குச் சமம். அந்தச் சூட்டை வெளியேற்றப் பெரிய ஊதிகள் வைத்தார்கள். ஒரு பகுதி அளவுக்கு மீறிச் சூடேறினால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் அமைப்பையும் வைத்தார்கள். ஆக, விசிறியும் பாதுகாப்பு நிறுத்தமும் கணினியோடு கூடப் பிறந்தவை.

1947இல் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் பிறந்தது. சூடு ஒரேயடியாகக் குறைந்தது. ஆனால் மனிதர் சும்மா இருப்பார்களா? குறைந்த சூட்டில் கிடைத்த இடத்தில் இன்னும் அதிக திரான்சிற்றர்களை அடைத்தார்கள். மறுபடி சூடு. 1976இல் வந்த கிறே-1 என்ற அதிவேகக் கணினியைக் குளிர்சாதனப் பெட்டியில் ஓடும் ஃப்ரியன் கொண்டு குளிர்வித்தார்கள். 1985இல் வந்த கிறே-2இல் மின்பலகைகளையே மின்சாரம் கடத்தாத திரவத்தில் அமிழ்த்தி வைத்தார்கள். சூடு குறையும், வேகம் கூட்டுவோம், சூடு திரும்பி வரும். கணினி வரலாறு முழுவதும் இந்த வட்டம்தான்.

*

விசிறியை வெறுத்த மனிதர்

அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸுக்கு விசிறிச் சத்தம் பிடிக்காது. 1977இல் வந்த அப்பிள் II விசிறி இல்லாமல் வந்து வெற்றியும் பெற்றது. வெற்றியின் காரணம் விசிறியைக் கழற்றியது அல்ல. ரொட் ஹோல்ட் என்ற பொறியியலாளர் அன்றைய வழக்கமான மின்வழங்கியை விட்டுவிட்டு, சூடு குறைவாக உண்டாக்கும் வேறு வகை மின்வழங்கியைச் செய்து கொடுத்தார். சூடு குறைந்தது, விசிறி தேவைப்படவில்லை.

1980இல் அப்பிள் III வந்தது. அதிலும் விசிறி கூடாது என்றார்கள். இந்த முறை உள்ளே பாகங்கள் அதிகம், பலகை நெருக்கம், பெட்டியில் காற்றுத் துளையும் இல்லை. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, உள்ளே சில்லுகள் தம் இருக்கையிலிருந்து மெல்லக் கழன்றன. கணினி பைத்தியம் பிடித்தது போல நடந்தது. கணினியைச் சில அங்குலம் தூக்கி மேசையில் விடுங்கள், சில்லுகள் திரும்பவும் உட்காரும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல வேண்டிய நிலை கம்பனிக்கே வந்தது. அப்பிள் III அந்தப் பெயர்க்கேட்டிலிருந்து மீளவில்லை. 1984இல் நிறுத்தப்பட்டது.

அதே 1984இல் வந்த முதல் மெக்கின்டோஷிலும் விசிறி இல்லை. சூடு தாங்காமல், அதன் தலையில் வைக்கும் விசிறியையும், சூடான காற்று மேலே போக அட்டையில் செய்த புகைபோக்கியையும் வேறு கம்பனிகள் விற்றன. ஜொப்ஸ் அப்பிளை விட்டுப் போன பிறகு, 1987இல் மெக்கின்டோஷ் எஸ்ஈ விசிறியோடு வந்தது.

ஒரே மனிதரின் ஒரே ஆசை. சூட்டைக் குறைத்துவிட்டு விசிறியை எடுத்தபோது வெற்றி. சூட்டை அப்படியே வைத்துக்கொண்டு விசிறியை எடுத்தபோது தோல்வி. எமது மாணவருக்கு நாம் சொன்னது அப்பிள் III வழி.

*

ஐந்து வொட்டிலிருந்து நூறு வொட்டுக்கு

1989இல் வந்த 486 புரொசசர் ஐந்து வொட் அளவில்தான் எடுத்தது. சும்மா திறந்த காற்றில் பிழைக்கும். 1993இல் வந்த முதல் பென்டியம் 15 வொட் அளவுக்குப் போனது. அதன் தலையில் உலோகத் தகடும் சின்ன விசிறியும் ஏறின. 2004 பெப்ரவரியில் வந்த பென்டியம் 4 பிரெஸ்கொட் 100 வொட்டைத் தாண்டியது. பதினைந்து வருடத்தில் இருபது மடங்கு.

அதுவரை பொறியியலாளர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஐபிஎம்மில் வேலை செய்த ரொபேர்ட் டெனார்டும் அவரது சகாக்களும் 1974இல் காட்டிய விதி அது. திரான்சிற்றர் சிறிதாகச் சிறிதாக அது எடுக்கும் மின்சாரமும் குறையும், ஆகவே அதே பரப்பில் சூடு கூடாது. 2000த்துக்குப் பிறகு அந்த விதி தளர்ந்தது. மிகச் சிறிய திரான்சிற்றர்கள் மூடிய நிலையிலும், பூட்டிய பைப்பில் தண்ணீர் கசிவது போல, மின்சாரத்தைக் கசிய விட்டன. இப்படியே போனால் சில்லின் சூட்டுச் செறிவு அணு உலையை எட்டும் என்று இன்டெலின் பட் கெல்சிங்கர் 2001இலேயே ஒரு மாநாட்டில் எச்சரித்திருந்தார்.

2004 மே மாதம் இன்டெல் தான் திட்டமிட்டிருந்த அடுத்த புரொசசரான தேஜாஸைக் கைவிட்டது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும் பாதை அங்கே முடிந்தது. அவர்களைக் காப்பாற்றியது 2003இல் லெப்டொப்புக்கென்று வந்த பென்டியம் எம். குறைந்த வேகம், குறைந்த சூடு, ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக வேலை. 2006இல் வந்த கோர் வரிசைக்கு அதுவே அடித்தளம். அன்று உலகின் மிகப் பெரிய சில்லுக் கம்பனியாக இருந்ததும் கடைசியில் சூட்டின் ஊற்றைக் குறைத்துத்தான் தப்பியது.

இதன் பின்னால் இருக்கும் விதியை உயர்தர மாணவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். சில்லு எடுக்கும் வலு மீடிறனுக்கும், வோல்ட்டளவின் வர்க்கத்துக்கும் விகிதசமமாகப் போகும். மீடிறனைக் கூட்டினால் வோல்ட்டளவையும் கூட்ட வேண்டி வரும். ஆகவே கடைசிப் பத்து வீத வேகத்துக்குக் கொடுக்கும் சூடு பத்து வீதமல்ல, அதைவிட மிக அதிகம். திருப்பிச் சொன்னால், கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால் நிறையச் சூடு குறையும்.

*

மெலிந்த பெட்டி, பெரிய பசி

லெப்டொப்பின் உள்ளே செப்பு நிறத்தில் தட்டையான ஒரு குழாய் ஓடும். அதை வெப்பக் குழாய் என்பார்கள். 1963இல் அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் செய்து காட்டியது, விண்கலங்களுக்கும் போனது. உள்ளே சில துளி திரவம்தான். சூடான முனையில் ஆவியாகும், குளிர்ந்த முனையில் திரும்பத் துளியாகும், உட்சுவரில் உள்ள நுண்துளை வழியே திரும்பி ஓடும். சோற்றுப் பானை மூடியில் நீர் கோத்து வடிவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்தக் குளிர்ந்த முனையில் மெல்லிய தகடுகள் நெருக்கமாக நிற்கும். விசிறி ஊதுவது அந்தத் தகடுகளுக்கு நடுவால்.

2008இல் இன்டெல் டர்போ பூஸ்ட் என்ற வசதியைக் கொண்டுவந்தது. சில்லு குளிராக இருக்கும்போது, குறிப்பிட்ட அளவைத் தாண்டித் தானாகவே வேகமெடுக்கும். விசிறி எழும்பி எழும்பி அடங்குவதன் இரகசியம் பெரும்பாலும் இங்கேதான். ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். சில்லு ஒரு நொடிக்குப் பாய்கிறது. நகத்தளவு சிலிக்கன் என்பதால் சூடு உடனே ஏறுகிறது. விசிறி பதறி ஓடுகிறது. வேலை முடிந்ததும் அடங்குகிறது. அடுத்த கிளிக்கில் மறுபடி. ஒரே அளவில் ஓடும் சத்தத்துக்குக் காது பழகிவிடும். ஏறி இறங்கும் சத்தத்துக்குப் பழகாது. மூத்தம்மாவை எழுப்பியது அந்த ஏற்ற இறக்கம்தான்.

கேமிங் லெப்டொப்பில் புரொசசரோடு கிரபிக்ஸ் சில்லும் சேர்கிறது. உங்கள் சார்ஜரில் எழுதியிருப்பதைப் பாருங்கள், 180, 230, சிலவற்றில் 330 வொட். இரண்டு முதல் நான்கு கூரை விசிறியின் மின்சாரம் ஒரு பாடசாலை அட்லஸ் தடிப்பமுள்ள பெட்டிக்குள் போகிறது. போகிற அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரவேண்டும்.

கம்பனிகளுக்கும் இது தெரியும். 2017இல் என்விடியா மெக்ஸ்-கியூ என்ற பெயரில் மெலிந்த கேமிங் லெப்டொப்களை அறிமுகம் செய்தபோது, சத்தம் 40 டெசிபெல் அளவுக்குள் இருக்க வேண்டும் என்ற இலக்கை வைத்தது. அதற்கு அவர்கள் எடுத்த வழி சில்லின் வலுவைக் குறைத்து ஓட்டுவது. கூடவே விஸ்பர்மோட் என்ற வசதியையும் கொடுத்தார்கள். நொடிக்கு எத்தனை படம் வரைவது என்பதற்கு அது ஓர் எல்லை கட்டும். 2020 நவம்பரில் அப்பிள் எம்1 சில்லோடு விசிறியே இல்லாத மெக்புக் எயாரை விற்றது. அந்தச் சில்லு எடுப்பது 10 வொட் அளவு. அப்பிள் III தோற்று நாற்பது வருடத்துக்குப் பிறகு, சரியான வரிசையில் செய்ததால் விசிறி இல்லாத ஆசை நிறைவேறியது.

*

எமது கரையில் என்ன நடந்தது

இனி எமது ஊர்களுக்கு வருவோம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று எந்த ஊர்ப் பாடசாலையை எடுத்தாலும், முதலில் வந்த கணினிகள் கணினி அறையில் இருந்தன. செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். வகுப்பறையில் பிள்ளைகள் வியர்வையில் குளிக்க, கணினிக்கு மட்டும் ஏசி. தூசும் கூடாது, சூடும் கூடாது என்று அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. படிப்பு சூமுக்கும் வட்ஸ்அப்புக்கும் போனது. கையில் வசதி இருந்த வீடுகளுக்கு லெப்டொப் வந்தது, வெளிநாட்டிலிருந்து பல வந்தன. கணினி ஏசி அறையிலிருந்து மெத்தைக்கு இறங்கியது. காற்றை உள்ளே இழுக்கும் துளை லெப்டொப்பின் அடியில்தான் இருக்கிறது என்பதை யாரும் எமக்குச் சொல்லித் தரவில்லை. நாமும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

எமது வீடுகளும் மாறியிருந்தன. கிடுகுக் கூரையும் ஓட்டுக் கூரையும் திறந்த விறாந்தையும் இருந்த வளவுகளை எமது மூத்தவர்கள் இன்னும் பேசுவார்கள். 2004 டிசம்பர் 26 எமது மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகு எழும்பியவை பெரும்பாலும் கொங்கிறீட் வீடுகள். காணித் தட்டுப்பாட்டில் சுவரோடு சுவர், வீடு மேல் வீடு. கச்சான் காலத்தில் மாடி அறைக்குள் போனால் இரவு பத்து மணிக்கும் சுவர் சுடும். குளிர் நாட்டு யூடியூபர் 20 பாகை அறையில் சோதித்துவிட்டு "சத்தம் பரவாயில்லை" என்று சொன்ன அதே லெப்டொப், எமது 33 பாகை அறையில் கத்துகிறது. வெளிக்காற்று 13 பாகை கூடினால், அதே வேலைக்கு அதே விசிறி வேகத்தில் உள்ளேயும் ஏறத்தாழ அவ்வளவு கூடும். பொருள் பழுதில்லை. அது வேறு சீதோஷ்ணத்துக்கு வந்திருக்கிறது.

கடற்கரை என்பதால் காற்றில் உப்பும் ஈரமும் மணலும் உண்டு. ஈரத்தில் தூசு தகடுகளுக்கு நடுவே பசை போல ஒட்டும். மருதமுனைப் பக்கம் தறி இருக்கும் வீடுகளில் நூல் பஞ்சும் சேரும். அந்தத் தறிக்காரர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. தறியின் தாளம் மாறினால் கை தானாக நிற்கும். நூல் அறுந்ததா, நாடா சிக்கியதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. சத்தம் வராமல் தறியைக் கட்டிப்போட யாரும் நினைப்பதில்லை.

இன்னொரு சாட்சி 2022. மின்வெட்டு மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கூரை விசிறி நின்ற அறையில் பிள்ளைகள் லெப்டொப்பை பற்றரியில் வைத்துப் படித்தார்கள். அறை புழுக்கம், ஆனால் லெப்டொப் அமைதி! ஏன்? பற்றரியில் ஓடும்போது லெப்டொப் தன் வலுவைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்டெலும் என்விடியாவும் படித்த பாடத்தை அந்த இருட்டில் எமது வீட்டு மேசையே நடத்திக் காட்டியது. நாம்தான் கவனிக்கவில்லை.

*

வரலாறு சொல்லும் வரிசை

இதையெல்லாம் படித்த பின் நாம் இப்போது மாணவர்களுக்குச் சொல்வது இந்த வரிசையில்தான். வரிசையை மாற்ற வேண்டாம்.

முதலாவது, சூட்டைக் குறையுங்கள். லெப்டொப்போடு வரும் கம்பனி மென்பொருளில் அமைதி நிலை இருக்கும். படிக்கும்போதும் எழுதும்போதும் அதில் வையுங்கள். விண்டோஸில் பவர் ஒப்ஷன்ஸ் போய், மக்சிமம் புரொசசர் ஸ்டேட் என்பதை 100இலிருந்து 99க்குக் குறைத்தால் பெரும்பாலான லெப்டொப்களில் டர்போ நின்றுவிடும். சிலவற்றில் அந்த இடம் மறைக்கப்பட்டிருக்கும், அப்போது அமைதி நிலையே போதும். எழும்பி அடங்கும் இரைச்சலில் பெரும்பகுதி இதோடு முடியும். கேம் விளையாடுபவர்கள் நொடிக்கு 60 பிரேம் என்று எல்லை கட்டுங்கள். கேமின் மெனுத் திரையைக் கூட நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை வரைந்துகொண்டு கத்தும் லெப்டொப்பை நாம் பார்த்திருக்கிறோம். பின்னால் சும்மா ஓடும் மென்பொருட்களை மூடுங்கள்.

வோல்ட்டளவைக் குறைக்கும் முறையைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். நல்ல முறைதான். ஆனால் 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியான பின் பல இன்டெல் லெப்டொப்களில் அது பூட்டப்பட்டுவிட்டது. பூட்டை உடைக்கப் போக வேண்டாம்.

இரண்டாவது, காற்றுக்கு வழி விடுங்கள். மெத்தை, தலையணை, மடி வேண்டாம். மேசையில் வையுங்கள். பின்பக்கத்தை இரண்டு போத்தல் மூடி உயரத்துக்குத் தூக்கினாலே வித்தியாசம் தெரியும். பின்பக்கம் சுவரை ஒட்டி இருக்கவும் கூடாது.

மூன்றாவது, துப்புரவு. எமது கரையில் வருடம் ஒரு தடவை திறந்து தூசு எடுப்பது நல்லது. நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, பற்றரி இணைப்பையும் எடுத்த பிறகுதான். ஊதும்போது விசிறி இதழை ஒரு பற்குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று வேகத்தில் தாறுமாறாகச் சுழன்றால் அதன் அச்சு பழுதாகும். சில வருடம் போனால் சில்லுக்கும் செப்புக்கும் நடுவே உள்ள வெப்பப் பசை காய்ந்துவிடும், அதைப் புதுப்பிக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுங்கள். திரவ உலோகம் பூசும் வீடியோக்களைப் பார்த்து வீட்டில் முயல வேண்டாம். அது மின்சாரம் கடத்தும், ஒரு துளி தவறினால் பலகை போய்விடும்.

நான்காவது, காது கொடுங்கள். காற்றோடும் சத்தம் சூட்டின் அடையாளம். கரகரப்பு, தட்டும் சத்தம் என்றால் விசிறியின் அச்சு தேய்ந்திருக்கிறது, விசிறியை மாற்ற வேண்டும். அது பெரிய செலவில்லை. மெல்லிய கீச்சொலி விசிறியில் வருவதே அல்ல, மின்சுருள்களில் வருவது, அது பெரும்பாலும் ஆபத்தில்லை. அடிப்பக்கம் உப்பிக்கொண்டு வந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். அது பற்றரி வீங்கியதன் அடையாளம்.

விசிறியின் வேகத்தில் கை வைப்பது இத்தனைக்கும் பிறகுதான். சூடு குறைந்திருந்தால் அது தானாகவே மெதுவாக ஓடும். வேகம் பாதியானால் சத்தம் 15 டெசிபெல் அளவில் குறையும், காதுக்கு அது மூன்றில் ஒரு பங்கு போலத் தெரியும். ஐந்தில் ஒரு பங்கு வேகம் குறைந்தாலே ஐந்து டெசிபெல் குறையும். அதற்கு மேல் தேவையென்றால், விசிறி சூட்டுக்கு உடனே பதறாமல் சில நொடி பொறுத்து எழும்பும்படி அமைக்கலாம். முற்றாக நிறுத்தவோ, உச்ச வேகத்தைத் தடுக்கவோ கூடாது. எமது வட்ஸ்அப் பதிலை இப்போது இப்படித்தான் திருத்தி எழுதியிருக்கிறோம்.

*

அந்த மாணவரின் வாப்பாவுக்கு நாமே அழைப்பெடுத்துச் சொன்னோம், பிழை எம்முடையது என்று. திருத்தும் செலவில் எமது பங்கையும் கொடுக்கிறோம் என்றோம். அவர் சிரித்துக்கொண்டு, "பரவாயில்ல சேர், மகன்ட வேல தப்பிட்டுதானே" என்றார். பிறகு, "இங்க வெயில் காலத்துல பத்து மணிக்கு மேல எங்களையே வெளியில வேல செய்ய விடமாட்டாங்க சேர். அதுக்கும் அப்படி ஓய்வு குடுத்திருக்கலாம்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. கட்டாரில் 2021இலிருந்து ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணி தொடக்கம் பிற்பகல் 3.30 வரை திறந்த வெளி வேலைக்குத் தடை இருக்கிறது. அந்த ஓய்வும் சும்மா வரவில்லை. சூட்டில் மனிதர்கள் விழுந்து, அதைப் பற்றி உலகம் பேசிய பிறகுதான் நேரம் கூட்டப்பட்டது.

பலகை மாற்றி லெப்டொப் திரும்பி வந்திருக்கிறது. இப்போது மேசையில், இரண்டு போத்தல் மூடி மேல், 99இல் ஓடுகிறது. மூத்தம்மாவுக்கும் கரைச்சல் இல்லை. வெளிநாட்டுப் பணத்தில் வந்த பொருள் எமது வீடுகளில் ஓர் அமானிதம். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது, எங்கே வைத்துப் பாவிப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

எமது பழைய ஆலோசனையைக் கேட்டு வேறு யாரும் விசிறியைக் கட்டி வைத்திருந்தால், தயவுசெய்து இன்றைக்கே அவிழ்த்து விடுங்கள். எம்மை மன்னித்து, துஆவிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.